எல்லையைத் தேடும் கல்வி

நுழையும்முன்

பள்ளியில் கற்கும் அறிவியல் விதி ஒவ்வொன்றும் ஓர் எல்லைக்குள் பொருந்துவது. அந்த எல்லை எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் என்ன நிகழ்கிறது என்று வினவக் கற்பதே கல்லூரியில் இயற்பியல் பயிலும் மாணவரின் முதற்பணி. அப்பணியின் இயல்பையும் அதன் பயனையும், சென்னை மாநிலக் கல்லூரியில் வெவ்வேறு காலத்தில் பயின்ற இரு மாணவர்களின் வாழ்வைக் கொண்டு விளக்குகிறது இக்கட்டுரை.

மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள்

மேல்நிலைக் கல்வியை முடித்த மாணவர் ஒருவர், “நான் கல்லூரியில் இயற்பியல் படிக்கப்போகிறேன்” என்று கூறினால், கேட்பவர் பெரும்பாலும் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அதைப் படித்து என்ன செய்வாய்?” என்பதே அது. பெற்றோரும் கேட்பர், உற்றாரும் கேட்பர். பொறியியலிலோ மருத்துவத்திலோ இடம் கிடைக்காதவர் சேரும் படிப்பு என்று கருதுவோரும் உளர். இக்கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் இதற்கு விடை காண்பதற்கு முன், அப்படிப்பில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இளநிலை இயற்பியல் மூன்றாண்டுப் படிப்பாகும்; ஆறு பருவங்களைக் கொண்டது. இயக்கவியல், பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல், ஒளியியல், மின்காந்தவியல், அணு இயற்பியல், அணுக்கரு இயற்பியல், திண்மநிலை இயற்பியல், மின்னணுவியல், குவாண்டம் இயக்கவியல் ஆகியவை முதன்மைப் பாடங்களாக அமையும். கணிதமும் வேதியியலும் துணைப்பாடங்களாக உடன்வரும். ஆய்வுக்கூடப் பயிற்சி தொடக்கம் முதல் இறுதிவரை நீங்காது இடம்பெறும்.

இப்பட்டியலைக் காணும் பதினோராம் வகுப்பு மாணவர், “இவற்றுள் பாதியை நாங்கள் இப்போதே படிக்கிறோமே!” என்று வியக்கலாம். அவ்வியப்பு நியாயமானதே. இயற்பியல், படித்த பாடத்தையே மீண்டும் படிக்கச் செய்யும் துறை. ஆனால் மீண்டும் படிக்கும்போது கேள்வி மாறிவிடுகிறது. பள்ளியில் “இவ்விதி என்ன கூறுகிறது?” என்று கேட்கிறோம். கல்லூரியில் “இவ்விதி எதுவரை செல்லும்?” என்று கேட்கிறோம். இவ்வேறுபாட்டை எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் உணரலாம்.

ஊசல் கற்பிக்கும் இரண்டாம் பாடம்

நூலில் கட்டித் தொங்கவிடப்பட்ட சிறு குண்டே தனி ஊசல். அதன் அலைவுக்காலம் நூலின் நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் மட்டுமே சார்ந்தது. குண்டின் நிறையையோ அலைவின் வீச்சையோ சார்ந்ததன்று என்று படிக்கிறோம். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை சென்று திரும்ப ஏறத்தாழ 2.01 வினாடி ஆகும். மாணவர் அளந்து பார்க்கிறார், விடை பொருந்துகிறது, குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுகிறார்.

அதே ஊசலைச் செங்குத்திலிருந்து 60° விலக்கி விட்டால் என்ன ஆகும்? அலைவுக்காலம் ஏறத்தாழ 2.15 வினாடியாக உயர்ந்துவிடும். வேறுபாடு 7 விழுக்காடு. வீச்சைச் சார்ந்ததன்று என்ற கூற்று இங்குப் பொருந்தவில்லை. அப்படியாயின் பாடநூல் பிழையா?

பிழையன்று. வாய்பாட்டை வருவிக்கும்போது, “கோணம் சிறியது எனில்” என்று ஒரு தொடர் இடம்பெற்றிருக்கும். சிறு கோணத்திற்கு அதன் சைன் மதிப்பும் ரேடியன் மதிப்பும் ஏறத்தாழச் சமம் என்று கொண்டே வாய்பாடு பெறப்படுகிறது. 5° கோணத்தின் ரேடியன் மதிப்பு 0.0873, சைன் மதிப்பு 0.0872. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதில் தீங்கில்லை. 60° கோணத்திற்கோ ரேடியன் மதிப்பு 1.047, சைன் மதிப்பு 0.866. இங்கு இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. பள்ளித் தேர்வில் நாம் விரைந்து கடந்துசெல்லும் அந்த ஒரு தொடரே விதியின் எல்லைக்கல்.

கல்லூரி மாணவர் அவ்வெல்லைக்கல்லைக் கடந்து செல்கிறார். கோணம் பெரிதானால் சமன்பாடு எவ்வாறு மாறும், அதைத் தீர்ப்பதற்கு எத்தகைய கணிதம் தேவை, விடையை எந்த அளவு நுட்பத்துடன் கூறமுடியும் என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறார். அதற்கு நுண்கணிதம் துணைநிற்கிறது. முதலாண்டில் பலரும் இடர்ப்படுவது இங்கேதான். வாய்பாட்டில் எண்களை இட்டு விடை காணப் பழகிய கை, வாய்பாட்டையே உருவாக்க வேண்டிய நிலையில் தயங்குகிறது. இத்தயக்கம் அறிவுக் குறைவின் அடையாளமன்று. பழக்கம் மாறும்போது யாருக்கும் நேர்வது. நாள்தோறும் ஒரு வருவித்தலையேனும் நூலைப் பாராமல் எழுதிப் பழகுபவர் ஓரிரு பருவங்களில் அதனைக் கடந்துவிடுவர்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர்

எல்லையைக் கண்டறியும் பயிற்சி கணிதத்தோடு முடிவதில்லை. கருவிகளின் முன்னிலையிலும் அது தொடர்கிறது.

நிறமாலைமானி என்னும் கருவியை மேல்நிலை வகுப்பிலேயே நீங்கள் கையாள்வீர்கள். அதன் மேடையில் முப்பட்டகத்தை வைத்து, முகத்தில் எதிரொளிக்கும் ஒளியைத் தொலைநோக்கி வழியே கண்டு, முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது வழக்கமான சோதனை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர் இச்சோதனையைச் செய்கின்றனர். விடை 60° என வந்தவுடன் மனநிறைவுடன் கருவியை மூடிவிடுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலக் கல்லூரியில் இச்சோதனையைச் செய்த மாணவர் ஒருவர், வேண்டிய கோணத்தை மட்டும் காணவில்லை. ஒளி முப்பட்டகத்தின் முகத்தில் மிகவும் சாய்வாகப் பட்டு எதிரொளிக்கும்போது, பிம்பத்தின் இருபுறமும் மெல்லிய பட்டைகள் தோன்றுவதையும் அவர் கண்டார். அவை விளிம்பு விளைவால் தோன்றும் பட்டைகள் என்பது நூல்களில் உள்ள செய்தியே. ஆனால் நூல்கள் கூறும் பட்டைகள் இருபுறமும் ஒத்த அகலமுடையவை. அவர் கண்ட பட்டைகள் ஒருபுறம் ஒருவாறாகவும் மறுபுறம் வேறாகவும் இருந்தன. ஏன் இந்த ஒவ்வாமை என்று அவர் வினவினார்; அளந்தார்; கணக்கிட்டார்; கட்டுரையாக எழுதினார். அக்கட்டுரை 1906ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து வெளிவந்த ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று. அந்த மாணவர் சந்திரசேகர வெங்கட ராமன். அப்போது அவருக்கு வயது 18.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. ராமனிடம் இருந்த கருவி மற்ற மாணவரிடமும் இருந்தது. சோதனையும் பாடத்திட்டத்தில் உள்ளதே. எதிர்பார்த்த விடைக்கு அருகில் எதிர்பாராத ஒன்று தோன்றியபோது, அதனைத் தொல்லையெனத் தள்ளாமல் கேள்வியாக ஏற்றதே அவர் செய்தது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் மாணவர் சிலர், கிடைத்த அளவீடு நூலில் உள்ள மதிப்போடு பொருந்தவில்லையெனில் எண்ணைத் திருத்தி எழுதிவிடுகின்றனர். அவ்வாறு திருத்தப்படும் எண்ணோடு, அது சொல்லவந்த செய்தியும் அழிந்துபோகிறது. பொருந்தாத அளவீட்டிற்குக் காரணம் கருவியில் உள்ள பிழையா, கையாண்ட முறையில் நேர்ந்த பிழையா, இயற்கை காட்டும் புதுமையா என்று பிரித்தறிவதே ஆய்வுக்கூடம் தரும் உண்மையான கல்வி.

தெரியுமா?

சர் சி. வி. ராமன் மாநிலக் கல்லூரியில் 1904இல் இளங்கலைப் பட்டமும் 1907இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர்க் கொல்கத்தாவில் அரசின் நிதித்துறையில் பணியாற்றியபோது, அலுவலக நேரம் போக எஞ்சிய காலத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு செய்துவந்தார். தம் பெயரால் வழங்கும் ராமன் விளைவை 1928, பிப்ரவரி 28 அன்று கண்டறிந்தார். அந்நாளே தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

பாடநூலுக்கு அப்பால் ஒரு மாணவர்

ராமன் படித்து வெளியேறி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின், அவருடைய தமையனாரின் மகன் அதே கல்லூரியில் சேர்ந்தார். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தை, மகன் ஆட்சிப்பணித் தேர்வு எழுத வேண்டும் என்று விரும்பினார். மகனின் உள்ளமோ கணிதத்தில் தோய்ந்திருந்தது. இறுதியில் அவர் இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். ஆர்வத்தின் காரணமாகக் கணித வகுப்புகளுக்கும் சென்று அமர்ந்தார். மகன் தன் விருப்பப்படியே செல்லட்டும் என்று துணைநின்றவர் தாயார் சீதாலட்சுமி.

சந்திரசேகர் நூலகத்தில் தாமே தேடிப் படித்த நூல்களுள் ஒன்று, செருமானிய இயற்பியலறிஞர் அர்னால்டு சாமர்ஃபெல்டு அணு அமைப்பைப் பற்றி எழுதிய பெருநூல். 1928ஆம் ஆண்டு சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று அம்மாணவர் அவரைச் சந்தித்தார். தாம் அந்நூலைக் கற்றிருப்பதைக் கூறினார். பாராட்டை எதிர்பார்க்கத்தக்க தருணம் அது. ஆனால் சாமர்ஃபெல்டு கூறிய செய்தி வேறாக இருந்தது. 1925, 1926ஆம் ஆண்டுகளில் ஹெய்சன்பர்க், சுரோடிங்கர் முதலியோர் உருவாக்கிய குவாண்டம் இயக்கவியலால் அணுவைப் பற்றிய கொள்கை அடியோடு மாறிவிட்டது என்பதே அச்செய்தி. மாணவர் உழைத்துக் கற்ற நூல், அதன் ஆசிரியராலேயே பழையதெனக் கூறப்பட்டது!

இத்தகைய நிலையில் ஒருவர் சோர்ந்துபோகலாம். சந்திரசேகர் சோர்வடையவில்லை. உலோகங்களில் உள்ள எலக்ட்ரான்களைப் பற்றித் தாம் புதிதாக எழுதி, அதுவரை அச்சில் வெளிவராதிருந்த கட்டுரையின் படியைச் சாமர்ஃபெல்டு அவருக்கு அளித்தார். அதில் ஃபெர்மி, டிராக் ஆகியோரின் புதிய புள்ளியியல் முறை பயன்படுத்தப்பட்டிருந்தது. சந்திரசேகர் அதனைக் கற்றுத் தெளிந்து, அம்முறையை வேறொரு சிக்கலுக்குப் பொருத்திப் பார்த்தார். அதன் பயனாக எழுந்த கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். அது 1929இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது அவர் பட்டம் பெறாத மாணவர்.

தெரியுமா?

சந்திரசேகரின் தாயார் சீதாலட்சுமி, நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் புகழ்பெற்ற நாடகமான ‘பொம்மை வீடு’ என்பதைத் தமிழில் பெயர்த்தவர்.

கடற்பயணத்தில் பிறந்த கேள்வி

கல்லூரியில் பெற்ற பயிற்சி எங்குச் சென்று சேர்ந்தது என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டுகிறது. 1930, சூலை 31 அன்று சந்திரசேகர் மும்பையிலிருந்து கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் உயர்கல்வி பயில அரசின் உதவித்தொகை கிடைத்திருந்தது. அப்போது அவருக்கு வயது 19. பயணத்தின்போது அவர் சிந்தித்துக்கொண்டிருந்தது வெண்குறு விண்மீன்களைப் பற்றி.

எரிபொருள் தீர்ந்த விண்மீன், தன் ஈர்ப்பால் தானே சுருங்கும். சூரியனை ஒத்த நிறை, புவியை ஒத்த உருவளவுக்குள் அடங்கிவிடும். அப்பொருளில் ஒரு கன சென்டிமீட்டரின் நிறை ஒரு டன்னையும் விஞ்சும். அதற்குமேல் சுருங்காமல் அதனைத் தாங்குவது எது? நெருக்கமாக அடைபட்ட எலக்ட்ரான்களின் அழுத்தமே தாங்குகிறது என்று ஃபௌலர் 1926இல் விளக்கியிருந்தார். அவ்விளக்கத்தின்படி எவ்வளவு பெரிய விண்மீனும் இறுதியில் அமைதியான வெண்குறு விண்மீனாக முடியும்.

இளைஞர் சந்திரசேகர் அவ்விளக்கத்தின் எல்லைக்கல்லைத் தேடினார். எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தைவிட மிகக் குறைந்த வேகத்தில் இயங்குகின்றன என்ற கருதுகோள் அதனுள் மறைந்திருந்தது. மிக நெருக்கப்பட்ட நிலையில் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அவ்வாறாயின் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கணக்கிட்டபோது வியப்பான முடிவு வெளிப்பட்டது. நிறை ஓர் அளவைத் தாண்டினால், எலக்ட்ரான்களின் அழுத்தத்தால் விண்மீனைத் தாங்க இயலாது. இன்று அந்த அளவு சூரிய நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என ஏற்கப்படுகிறது. ‘சந்திரசேகர் எல்லை’ என்றே அது பெயர்பெற்றுள்ளது.

அறிவுலகம் இதனை உடனே வரவேற்கவில்லை. 1935, சனவரியில் அரச வானியல் கழகக் கூட்டத்தில், அக்காலத்தின் தலைசிறந்த வானியலறிஞரான ஆர்தர் எடிங்டன் இம்முடிவை வெளிப்படையாக மறுத்துரைத்தார். சந்திரசேகர் மனம் வருந்தினாலும் தம் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை, ஆய்வையும் விட்டுவிடவில்லை. பின்னர் அம்முடிவே நிலைபெற்றது. 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடிவந்தது.

ஊசலின் பாடத்தை இங்கு நினைவுகூர்க. “கோணம் சிறியது எனில்” என்ற தொடரும், “வேகம் குறைவு எனில்” என்ற கருதுகோளும் ஒரே வகையின. முன்னதைக் கேள்விக்கு உட்படுத்தப் பழகிய மாணவரே பின்னதையும் கேள்விக்கு உட்படுத்த இயலும்.

மொழியும் கல்வியும்

தமிழ்வழியில் பயின்ற மாணவர் பலருக்குக் கல்லூரி வகுப்பின் ஆங்கிலம் அச்சம் தரும். அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் தமிழ்வழியிலும் இயற்பியல் கற்பிக்கப்படுகிறது. எவ்வழியில் பயின்றாலும், பள்ளியில் பெற்ற தமிழ்க் கலைச்சொற்களைக் கைவிடுதல் கூடாது. ‘உந்து’ என்பதிலிருந்து உந்தம். ‘முடுக்கு’ என்பதிலிருந்து முடுக்கம். ‘நிலை’ என்பதிலிருந்து நிலைமம். இச்சொற்களின் வேரிலேயே அவற்றின் பொருள் விளங்கி நிற்கிறது. குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் தமிழ்க் கலைச்சொல்லையும் மறுபக்கத்தில் அதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லையும் எழுதிவரும் மாணவர், விரைவில் இருமொழி நூல்களையும் அச்சமின்றிக் கற்பர். தாய்மொழியில் தெளிந்த கருத்து, பிறமொழியில் சொல்லாக மட்டுமே புதிதாகும்.

என்ன செய்வாய்?

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது வருவோம். இளநிலைப் பட்டம் மட்டுமே பெற்றவுடன் ஆய்வாளர் பணி கிடைத்துவிடும் என்று கூறுவது உண்மையாகாது. இயற்பியலைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் முதுநிலைப் பட்டமும், அதன் பின்னர் முனைவர் பட்டமும் பெறுதல் வேண்டும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் முதுநிலை அறிவியல் பயில ‘ஜாம்’ என்னும் நுழைவுத்தேர்வு உள்ளது. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களில் மேல்நிலைக் கல்வியை முடித்தவுடன் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேரலாம். கல்வியியல் பட்டமும் பெற்றுப் பள்ளி ஆசிரியராகலாம். போட்டித் தேர்வுகள் எழுதி அரசுப் பணியிலும் சேரலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம், காவலூர் வானாய்வகம், கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், மகேந்திரகிரியிலுள்ள விண்வெளி உந்துவிசை வளாகம் என இயற்பியலறிவு பயன்படும் இடங்கள் நம் மாநிலத்திலேயே உள்ளன.

எந்தப் பணியில் சேர்ந்தாலும் ஒரு பண்பு உடன்வரும். ஒரு கூற்றைக் கேட்டவுடன், “இது எந்த நிலையில் உண்மை? எதைக் கருதிக்கொண்டு இவ்வாறு கூறப்படுகிறது? அளந்து பார்த்தவர் யார்? பிழையின் அளவு எவ்வளவு?” என்று கேட்கும் பண்பே அது. மருந்து விளம்பரத்தையும், செய்தியில் வரும் புள்ளிவிவரத்தையும், அலைபேசியில் பரவும் வதந்தியையும் இக்கேள்விகளால் எடைபோட முடியும்.

வேறு இடம் கிடைக்காமையால் இயற்பியல் வகுப்பில் வந்தமர்ந்த மாணவருக்கும், விரும்பி வந்த மாணவருக்கும் மேடைமேல் உள்ள நிறமாலைமானி ஒன்றே. அதனுள் நோக்கும்போது கோணத்தை மட்டும் காண்பதா, ஓரத்தில் தோன்றும் பட்டைகளையும் காண்பதா என்பதை அவரவரே முடிவுசெய்ய வேண்டும்.

கலைச்சொற்கள்

ஸ்பெக்ட்ரோமீட்டர் – நிறமாலைமானி
பிரிசம் – முப்பட்டகம்
டிஃப்ராக்‌ஷன் – விளிம்பு விளைவு
கால்குலஸ் – நுண்கணிதம்
ஒயிட் டுவார்ஃப் – வெண்குறு விண்மீன்

கற்பவை கற்றபின்...

1. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலை முதலில் 5° கோணத்திலும் பின்னர் 60° கோணத்திலும் விலக்கிவிட்டு, முதல் ஐந்து அலைவுகளுக்கான காலத்தை அளந்து ஒப்பிடுக. வேறுபாட்டிற்கான காரணத்தை வகுப்பில் விளக்குக.

2. உங்கள் இயற்பியல் பாடநூலில் ‘எனில்’, ‘எனக் கொள்வோம்’, ‘புறக்கணித்தால்’ என வரும் தொடர்களுள் ஐந்தைத் தொகுத்து, அவை ஒவ்வொன்றும் எந்த விதியின் எல்லையைக் காட்டுகின்றன என எழுதுக.

3. இயற்பியல் கலைச்சொற்கள் பத்தினைத் தேர்ந்து, அவற்றின் வேர்ச்சொற்களைக் கண்டறிந்து பட்டியலிடுக.

திறன் அறிவோம்

குறுவினா
1. ஊசலின் அலைவுக்காலம் வீச்சைச் சார்ந்ததன்று என்னும் கூற்று எந்நிலையில் பொருந்தும்?
2. முப்பட்டகச் சோதனையில் ராமன் கண்ட ஒவ்வாமை யாது?

சிறுவினா
1. சாமர்ஃபெல்டைச் சந்தித்தது சந்திரசேகரின் கல்வியில் ஏற்படுத்திய மாற்றத்தை விளக்குக.
2. ‘அளவீட்டைத் திருத்தி எழுதுதல் கல்வியாகாது’ – கட்டுரைவழி நிறுவுக.

நெடுவினா
விதியின் எல்லையை வினவும் பண்பு, ஊசல் முதல் விண்மீன் வரை எவ்வாறு பயன்பட்டது என்பதைத் தொகுத்து எழுதுக.